அச்சகம் தயார்... கதை தயாரா?

ஜனவரி மாதத்து மாலை. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி களைகட்டியிருக்கிறது. ஏறத்தாழ 900 அரங்குகள். ஓரத்தில் இருக்கும் சின்ன அரங்கு ஒன்றின் வாசலில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வண்ணத்தாள் சுற்றிய புத்தகத்தை மூத்த எழுத்தாளர் ஒருவர் பிரிக்கிறார். நூலாசிரியர் ஓர் இளம்பெண். பட்டுப்புடவையில் வந்திருக்கும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அப்பா கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார். பொன்னாடை, கைத்தட்டல், இரண்டு நிமிடப் பேச்சு. அது முடிவதற்குள் அடுத்த நூலாசிரியர் தன் கூட்டத்தோடு அதே இடத்துக்கு வந்துவிடுகிறார். முதல் கூட்டம் வழிவிட்டு நகர்கிறது.

புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் இந்தக் காட்சியை எந்த வரிசையிலும் பார்க்கலாம். அந்தக் குடும்பத்தின் சந்தோஷத்தில் குறை காண ஒன்றுமில்லை. முன்பெல்லாம் கதைத் தொகுப்பு ஒன்று வர வேண்டுமானால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகளாவது அச்சடித்தாக வேண்டும். அவ்வளவு பணத்தை முடக்க ஒரு பதிப்பாளர் துணிய வேண்டும். இன்று 'பிஓடி' என்று எல்லோரும் சொல்லும் முறையில் ஐம்பது பிரதியும் போடலாம், நூறும் போடலாம். தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். பணம் படைத்தவருக்கும் பதிப்பாளரைத் தெரிந்தவருக்கும் மட்டுமே திறந்திருந்த கதவு, கிராமத்து ஆசிரியைக்கும் வளைகுடாவில் லாரி ஓட்டும் இளைஞருக்கும் திறந்திருக்கிறது. தமிழுக்கு இது பெரிய நன்மை.

நம் கவலை வேறு. எழுதி முடிப்பதற்கும் அச்சாவதற்கும் நடுவே முன்பு ஓர் இடைவெளி இருந்தது. யாரோ ஒருவர் படித்தார், திருப்பி அனுப்பினார், இந்த இடம் இழுக்கிறது என்றார், முடிவை மாற்றிப் பார் என்றார். பல கதைகள் உருப்பெற்றது அந்த இடைவெளியில்தான். இன்று அந்த நாட்கள் காணாமல் போய்விட்டன. அவற்றைப் புதிதாக எழுத வருபவர் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது எப்படி, அச்சுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைத் துறைக்குள்ளிருந்து பார்ப்போம்.

நடுவில் ஒருவர் இருந்தார்

1933-ல் தொடங்கிய 'மணிக்கொடி', இரண்டு ஆண்டுகளில் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே ஆன இதழாக மாறியது. புதுமைப்பித்தனும் மௌனியும் கு.ப. ராஜகோபாலனும் அங்கே எழுதினார்கள். பிறகு 'சரஸ்வதி' வந்தது. ஜெயகாந்தன், சுந்தர ராமசாமி, கி. ராஜநாராயணன் மூவருக்கும் அது களம். 1959 முதல் 1970 வரை சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து'. 1965-ல் டில்லியில் பிறந்த 'கணையாழி'யில் அசோகமித்திரன் நெடுங்காலம் ஆசிரியப் பணி செய்தார். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தன் சலூனிலிருந்தே 'மல்லிகை'யை நடத்தி, தெருத்தெருவாகக் கையில் கொண்டுபோய் விற்றார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: கதை எழுதத் தெரிந்த ஒருவர் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, வந்த கதையைப் படித்தார்.

பெரிய இதழ்களிலும் அப்படித்தான். விகடன், கல்கி, கலைமகள், குமுதம் என்று ஒவ்வொன்றிலும் வாரத்துக்கோ மாதத்துக்கோ நாலைந்து கதைகள் வந்தன. தபால்தலை ஒட்டிய உறையை இணைத்து அனுப்பினால், பிரசுரத்துக்குத் தகுதியில்லாதது திரும்பி வரும். திரும்பி வந்ததைத் திருத்தி இன்னோர் இதழுக்கு அனுப்புவார்கள். அந்தத் தாமதம் எழுத்தாளருக்கு எரிச்சலைத் தந்தாலும் கதைக்கு நல்லது செய்தது.

புத்தகத் துறையில் இந்த வேலையைத் தவம்போலச் செய்தவர் 'க்ரியா' ராமகிருஷ்ணன். 1974-ல் பதிப்பகம் தொடங்கி, 2020-ல் கொரோனாவில் மறையும்வரை, எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பேசும் பதிப்பாசிரியர் என்றே அறியப்பட்டார். பூமணியின் 'வெக்கை'யும் (1982), அப்போது யாருக்கும் தெரியாத இளைஞராக இருந்த இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைக'ளும் (1994) அங்கிருந்துதான் வந்தன.

இன்று வார இதழ்களில் கதைப் பக்கம் சுருங்கிவிட்டது. 'கல்கி' 2020-ல் அச்சு இதழையே நிறுத்திக்கொண்டது. பெரும்பாலான பதிப்பகங்களில் பதிப்பாசிரியர் என்றொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. மெய்ப்பு பார்க்க ஒருவர் இருந்தாலே பெரிது. மெய்ப்பு பார்ப்பவர் ஒற்றுப்பிழையைச் சரிசெய்வார். மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாமா ஏழாம் அத்தியாயத்தில் காபி குடித்தால் அதையும் சொல்லக்கூடும். அந்த மாமா கதைக்குத் தேவையா என்று கேட்பது அவர் வேலையில்லை.

பழைய வாசலும் தள்ளியது

அதற்காகப் பழைய காலத்தைக் கோயிலாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. ப. சிங்காரத்துக்கு நேர்ந்ததை ஒவ்வொரு பதிப்பாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதிலேயே பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரை அங்கே கண்ணெதிரே பார்த்தவர். ஊர் திரும்பி மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை செய்தார். அவருடைய முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' 1950 வாக்கில் எழுதப்பட்டு, கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று, 1959-ல்தான் புத்தகமானது. இரண்டாவது நாவல் 'புயலிலே ஒரு தோணி'யை 1962-ல் எழுதி முடித்தார். பதிப்பகங்களின் கதவைத் தட்டித் தட்டி, அது அச்சாக 1972 ஆகிவிட்டது. இன்று தமிழின் மிகச் சிறந்த நாவல்களின் பட்டியலை யார் போட்டாலும் அதில் இது இருக்கிறது. பரவலாக வாசிக்கப்பட்டதோ, 1997-ல் அவர் காலமான பிறகு.

சிங்காரம் மூன்றாவது நாவல் எழுதவில்லை. அச்சுக்கான காத்திருப்பு ஓர் எழுத்தாளரிடமிருந்து எதைப் பறிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இப்போது அவர் இருந்திருந்தால் பிஓடியில் நூறு பிரதி போட்டிருப்பார், பத்தாண்டு வீணாகியிருக்காது. அந்த நாவலை அன்று மறுத்தவர்களுக்கும் படிக்காமலே இன்று அச்சுக்கு அனுப்புபவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் பிரதியை யாரும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

கதை எங்கே தொடங்குகிறது?

பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் புதியவர்களின் கதைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அவற்றில் கணிசமானவை காலையில் தொடங்குகின்றன. அலாரம் அடிக்கிறது, கதாநாயகன் எழுகிறான், பல் துலக்குகிறான், காபி குடிக்கிறான், பேருந்துக்குக் காத்திருக்கிறான், காத்திருக்கும்போது பழைய ஞாபகம் வருகிறது. கதை உண்மையில் உயிர்பெறுவது மூன்றாம் பக்கத்தில். எழுதுபவர் கதைக்குள் நுழையத் தனக்குத்தானே போட்டுக்கொண்ட படிக்கட்டு அந்த முதல் இரண்டு பக்கங்கள். ஏறிய பிறகு அதை எடுத்துவிடலாம். முதல் பிரதியின் முதல் பக்கத்தை மூடிவைத்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது வேண்டாம்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் தொடக்கத்திலேயே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை மனைவியின் உடல் அருகே இருக்கிறார். பிறகுதான் கதை பின்னோக்கிப் போகிறது. இறப்பாளா பிழைப்பாளா என்ற பதைப்பை எழுத்தாளர் கையிலிருந்து கீழே போட்டுவிட்டார். அந்த இழப்புக்கு ஈடாக வேறொன்றைப் பெறுகிறார்: அவள் உயிரோடிருந்த நேரத்தின் ஒவ்வொரு சின்னச் செய்கையும் நமக்குக் கனத்துப்போகிறது. பூமணியின் 'வெக்கை'யிலும் கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. செய்தவன் பதினைந்து வயதுப் பையன். அதன் பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் நாட்கள்தான் நாவல். அடுத்து என்ன என்ற கேள்வி ஒன்றே வாசகரை இழுக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம்.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி வரியில் திடுக்கிட வைக்கும் திருப்பம் இருந்தால்தான் அது சிறுகதை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. போட்டிகள் அதை வளர்த்தன; ஒருபக்கக் கதைகளும் வளர்த்தன. திருப்பத்துக்காகவே எழுதப்படும் கதையில் பாத்திரங்கள் ஆசிரியரின் ரகசியத்தைக் காப்பாற்றும் வேலைக்காரர்களாகிவிடுகிறார்கள். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையில் வேலை கேட்டு சினிமா நிறுவனத்துக்கு வரும் ஓர் ஏழை, அலுவலக அறைக்குள்ளேயே புலியாக மாறிக் காட்டுகிறான். பார்த்தவர்கள் உறைந்துபோகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவன் மறுபடி கெஞ்சும் மனிதன். பின்னால் வாய்ப்பு ஒன்று வரும்போது ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கதையில் எங்கும் 'ஐயோ பாவம்' என்று ஒரு சொல் இல்லை. அவனுடைய துயரத்தை விளக்க ஒரு பத்தி கூட ஒதுக்கவில்லை. எழுத்தாளர் தள்ளி நின்றதால் அந்த இடத்துக்கு நாம் போக முடிகிறது.

இந்தத் தள்ளி நிற்றல்தான் புதியவர்களுக்கு எளிதில் கைவராதது. தான் உணர்ந்ததை வாசகர் உணராமல் போய்விடுவாரோ என்ற பயத்தில், காட்சியைக் காட்டிய பிறகு அதற்கு உரையும் எழுதிவிடுகிறார்கள். 'அவள் அழுதாள். அவள் மனம் சொல்லொணாத் துயரில் மூழ்கியது' என்று எழுதினால் இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தைப் பலவீனமாக்குகிறது. கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில் வறுமை என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. வீட்டுக் கதவைப் பிடித்துத் தொங்கி, டிக்கெட் கொடுத்து விளையாடும் குழந்தைகள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பிறகு ஒருநாள் குழந்தைகள் அதை வேறோர் இடத்தில் கண்டுபிடித்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு மரச்சட்டத்தை வைத்து ஒரு குடும்பத்தின் நிலைமையை முழுக்கச் சொல்லிவிட்டார்.

வேலையும் பேச்சும்

இன்னொரு குறை பரவலாகத் தெரிகிறது. இன்றைய கதைகளில் வரும் மனிதர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதே தெரிவதில்லை. காதலிக்கிறார்கள், பிரிகிறார்கள், மொட்டைமாடியில் நின்று யோசிக்கிறார்கள். மாதச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? 'கோவேறு கழுதைகள்' நாவலின் ஆரோக்கியம் தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்துப் பெண். அழுக்கெடுப்பது, வெளுப்பது, வீடு வீடாகச் சோறு வாங்குவது, களத்தில் தானியக் கூலிக்கு நிற்பது என்று அவளுடைய வேலையின் ஒவ்வொரு அசைவும் அந்த நாவலில் இருக்கிறது. அந்த அசைவுகளை எடுத்துவிட்டால் நாவலில் மிஞ்சுவது சொற்பம். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். 'கரைந்த நிழல்க'ளில் நட்சத்திரங்களைவிடத் தயாரிப்பு நிர்வாகிகளும் உதவியாளர்களும்தான் அதிகம் தெரிகிறார்கள். உணவு விநியோகம் செய்யும் இளைஞர், மகளிர் குழுக் கடன் வசூலிக்க வருபவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் 'செக்கிங்' செய்யும் பெண் என்று நம்மைச் சுற்றி இருப்பவர்களின் ஒரு நாளை முழுதாகத் தெரிந்துகொண்டு எழுதினாலே அதில் பாதிக் கதை கிடைத்துவிடும்.

பேச்சும் அப்படித்தான். திருநெல்வேலி அப்பாவும் வேலூர் மருமகளும் ஒரே தொலைக்காட்சித் தமிழில் பேசிக்கொண்டால் அந்த வீடு கண்முன் வராது. கி.ரா. கதை எழுதியதோடு நிற்காமல் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய வேலை எல்லோராலும் ஆகாது. உங்கள் ஆத்தாவோ சித்தியோ பெரியப்பாவோ கோபத்தில் சொல்லும் சொற்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதே நேரம், ஒவ்வொரு உச்சரிப்பையும் எழுத்தில் கொண்டுவர முயன்று வாசகரை எழுத்துக்கூட்ட வைப்பதும் சரியில்லை. வாக்கியத்தின் ஓட்டமும் இரண்டொரு சொல்லும் போதும், ஊர் தெரிந்துவிடும்.

திருத்துவதற்கு நான் நம்பும் வழி பழையது. எழுதி முடித்ததும் குறைந்தது ஒரு மாதம் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, பிறகு காகிதத்தில் அச்செடுத்து, வாய்விட்டுப் படிப்பது. திரையில் கண் தாண்டிப்போகும் தவறுகள் வாயில் தட்டும். மூச்சு முட்டும் வாக்கியம், அடுத்தடுத்து மூன்று முறை வரும் 'மெல்ல', பாத்திரத்தின் வாயில் ஒட்டாத வசனம் எல்லாம் அப்போதுதான் பிடிபடும். பக்கத்து அறையில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் கொஞ்ச நாளில் போய்விடும்.

அந்த ஒருவரை எங்கே தேடுவது?

கதையைப் படித்துவிட்டு 'அருமை' என்று சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. எந்தப் பக்கத்தில் சலிப்பு வந்தது என்று சொல்பவர் ஒருவராவது வேண்டும். இலக்கியக் கூட்டங்கள் அதற்குத்தான். 1975-ல் மதுரையில் உருவான இன்றைய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும் (தமுஎகச), அதற்கு முன்பே தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றமும் சிற்றூர்களில்கூடக் கதை வாசிப்புக் கூட்டங்களை நடத்திவந்திருக்கின்றன. 'வாசகசாலை' போன்ற அமைப்புகள் வெளிவந்த கதைகளைக் கூடிப் பேசுகின்றன. 'இலக்கியச் சிந்தனை' 1970 முதல் இதழ்களில் வெளியான கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. யாரோ ஒருவர் எல்லாக் கதைகளையும் படிக்கிறார் என்ற நம்பிக்கையே அன்றைய எழுத்தாளர்களுக்கு ஊக்கமாக இருந்தது.

புத்தகத்துக்கு முன் இதழ்களில் வெளியாவது நல்லது. காலச்சுவடு, உயிர்மை போன்ற அச்சு இதழ்களும், சொல்வனம், கனலி, வனம், யாவரும் போன்ற இணைய இதழ்களும் புதியவர்களை வெளியிட்டிருக்கின்றன. 'அரூ' அறிவியல் புனைவுக்கென்றே சிறுகதைப் போட்டி நடத்தியது. அனுப்புவதற்கு முன் அந்த இதழின் நாலைந்து இதழ்களையாவது படித்துவிடுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு இடத்தில் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையையும் இழப்பீர்கள்.

---

பெட்டிச் செய்தி: கையெழுத்துப் போடும் முன்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி கதையை எழுதிய கணமே அதன் உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுத்தாளரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரையும் அது நீடிக்கும்.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்தப் பகுதிக்கு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் குறிப்பிடப்பட வேண்டும். காலம் எழுதப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், பகுதி எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது. அதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

1954-ம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும்.

---

பதிப்பாளரின் மேசையில்

தமிழ்ப் பதிப்புலகத்தின் ஆண்டு ஜனவரியில் முடிகிறது. அக்டோபர் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு பதிப்பகத்திலும் லே-அவுட் செய்பவரும் மெய்ப்பு பார்ப்பவரும் தூக்கம் மறந்து வேலை செய்கிறார்கள். நவம்பரில் வந்து சேரும் கையெழுத்துப் பிரதியை நிதானமாகப் படிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. புத்தகக் காட்சிக்குள் வந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் பின்னட்டை வாசகத்திலேயே எழுத்துப்பிழையோடு வெளியான புத்தகங்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. பிப்ரவரி முடிந்து, பதிப்பாளர்கள் கணக்கு வழக்கை முடித்து மூச்சுவிடும் கோடைக்காலத்தில் அனுப்புங்கள். ஈரோட்டில் ஆகஸ்ட் மாதமும் மற்ற மாவட்டங்களில் ஆண்டு முழுதும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. ஜனவரியைத் தவறவிட்டால் புத்தகம் செத்துவிடாது.

யூனிகோடில் தட்டச்சு செய்த பிரதி, ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம், இதுவரை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்ற குறிப்பு, இவ்வளவும் போதும். உலகின் தலைசிறந்த நாவல் என்று நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இந்தக் கதைகளுக்கு அந்தப் பதிப்பகம் ஏன் பொருத்தம் என்று இரண்டு வரி எழுதினால், அவர்களுடைய புத்தகங்களை நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குப் புரியும். பதில் வராமல் போனால் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை விசாரிக்கலாம்.

பெரிய பதிப்பகங்களுக்கே குறிவைக்க வேண்டும் என்பதில்லை. முதல் புத்தகம் நாவலாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. சாகித்திய அகாடமி 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் வழங்குகிறது. 2018-ல் சுனில் கிருஷ்ணனின் 'அம்புப் படுக்கை', 2023-ல் ராம் தங்கத்தின் 'திருக்கார்த்தியல்', 2024-ல் லோகேஷ் ரகுராமனின் 'விஷ்ணு வந்தார்' ஆகியவை அந்த விருதைப் பெற்றன. மூன்றுமே சிறுகதைத் தொகுப்புகள். சிறுகதைக்கு விலையில்லை, நாவல் கொண்டுவாருங்கள் என்று சொல்லும் பதிப்பாளர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

பணம் எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புத்தகத்தின் விலை 200 ரூபாய். 300 பிரதி அச்சடித்து அத்தனையும் விற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தமிழில் வழக்கமான ராயல்டி 10 சதவீதம். ஆக எழுத்தாளருக்கு 6,000 ரூபாய். கடைக்காரருக்கும் விற்பனையாளருக்கும் 30 முதல் 40 சதவீதம் கழிவு போய்விடுகிறது. மிச்சத்தில் காகிதம், அச்சு, அட்டை, மெய்ப்பு, கிடங்கு, புத்தகக் காட்சி அரங்கு வாடகை என்று பதிப்பாளர் சமாளிக்க வேண்டும். பதிப்பாசிரியருக்குச் சம்பளம் தர ஏன் முடியவில்லை என்பதற்கான விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

நூலக ஆணை கிடைத்தால் மூச்சு வரும். 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் பணத்தில் வாங்கப்படும் புத்தகங்கள்தான் பல பதிப்பகங்களை வாழவைத்தன. ஆணை தள்ளிப்போன ஆண்டுகளில் பதிப்பகங்கள் தள்ளாடின. 2024-ல் தமிழக அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கையை அறிவித்து, இணையம்வழி விண்ணப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. உங்கள் புத்தகம் விண்ணப்பிக்கப்பட்டதா என்று பதிப்பாளரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எழுதியவரே பணம் கொடுத்துப் புத்தகம் போடுவது தவறில்லை. சி.சு. செல்லப்பா தன் புத்தகங்களைத் தானே அச்சிட்டு, பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். மூன்று பாகங்கள் கொண்ட 'சுதந்திர தாகம்' நாவலை 1997-ல், முதிர்ந்த வயதில், தானே வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு 2001-ல் அதற்குச் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, வாங்கியதை மறைத்து, 'உங்கள் எழுத்தை எங்கள் குழு தேர்ந்தெடுத்திருக்கிறது' என்று சொல்வதுதான் தவறு. இன்னொரு வகையும் பெருகியிருக்கிறது. ஐம்பது பேர், நூறு பேர் எழுதும் தொகுப்பு நூல். ஒவ்வொருவரும் பங்கேற்புக் கட்டணம் கட்ட வேண்டும். சான்றிதழும் கேடயமும் உண்டு. பிரதி வேண்டுமானால் விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் புத்தகத்துக்கு வெளி வாசகர் என்று ஒருவரும் இருப்பதில்லை. பிள்ளைகளின் ஆசையையும் பெற்றோரின் பெருமிதத்தையும் விற்றுக் காசாக்கும் இந்த வியாபாரம் என்னைக் கோபப்படுத்துகிறது.

---

பெட்டிச் செய்தி: திரையில் வெளியிடுபவர்களுக்கு

கிண்டிலில் தமிழ் மின்னூலை எழுத்தாளரே பதிவேற்றலாம், கட்டணமில்லை. 'செலக்ட்' திட்டத்தில் சேர்த்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறு எந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவிலும்கூட. சந்தா கட்டிப் படிக்கும் வாசகர்கள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்பதை வைத்து அதில் பணம் வரும்.

2014-ல் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதைக்கும் குடும்பக் கதைக்கும் வாசகர் அதிகம். அன்றாடம் ஓர் அத்தியாயம் எழுதும் பழக்கம் கைவரும். இணையத்தில் நாள்தோறும் எழுதுவது இலக்கியத்துக்கு ஆகாது என்பவர்களுக்கு ஜெயமோகனின் 'வெண்முரசு' பதில்: 2014 முதல் 2020 வரை, 26 நாவல்கள்.

பதிப்பாளரிடம் கொடுக்கும் முன், எந்தக் கதை எந்தத் தளத்தில் ஏற்கெனவே வெளியாகியிருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

---

புத்தகம் வந்த பிறகு

வெளியீட்டு விழா முடிந்த அடுத்த வாரம் தொடங்கும் மௌனத்துக்கு முதல் புத்தகக்காரர்கள் யாரும் தயாராக இருப்பதில்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் உறவினரும் நண்பர்களும். மதிப்புரை வராது. அட்டைப்படத்துக்கு வந்த விருப்பக்குறிகளின் எண்ணிக்கையையே வாசகர்களின் எண்ணிக்கையாக நினைத்துக்கொண்டவர்களை இந்த மௌனம் உடைத்துவிடுகிறது. பலர் இரண்டாவது புத்தகத்தை எழுதுவதேயில்லை. எழுத வந்தவர்கள் இப்படித் திரும்பிப்போவதுதான் திருத்தப்படாமல் வந்த முதல் புத்தகம் செய்யும் பெரிய சேதம். இரண்டாண்டு பொறுத்திருந்தால் நல்ல தொகுப்பாக வந்திருக்கக்கூடிய கதைகள், அரைவேக்காட்டில் ஒருமுறை அச்சாகிவிட்டதால் இனி யார் கண்ணிலும் படாது.

மாவட்ட நூலகங்கள், கல்லூரித் தமிழ்த்துறைகள், வாசகர் வட்டங்கள் என்று பத்து இடத்துக்குப் பிரதியைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது விளம்பரத்தைவிடப் பலன் தரும். அதைவிட முக்கியம், அடுத்த கதையை உடனே தொடங்கிவிடுவது.

எழுதியதற்கு எதிர்ப்பும் வரலாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்தது. எதிர்ப்பு கிளம்பியது 2014 இறுதியில். எழுத்தையே விட்டுவிடுவதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் தீர்ப்பளித்தது. மறுபடி எழுத வந்தார். அவருடைய 'ஆளண்டாப்பட்சி' ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023-ம் ஆண்டு ஜேசிபி பரிசைப் பெற்றது. அதே ஆண்டில் 'பூக்குழி'யின் மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது.

தமிழ்ப் புனைகதைக்கு வெளியே வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்பது இதனால் தெரிந்துவிட்டது. 2023 முதல் தமிழக அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடத்தி, தமிழ் நூல்கள் பிற மொழிகளுக்குப் போக மொழிபெயர்ப்பு மானியமும் தருகிறது. ஆகவே முதல் புத்தகத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது மொழிபெயர்ப்பு உரிமை, மின்னூல் உரிமை, ஒலிநூல் உரிமை, திரைப்பட உரிமை என்ற நான்கும் யாரிடம் இருக்கும் என்பதைத் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். 1982-ல் வந்த 'வெக்கை' 37 ஆண்டுகள் கழித்து 2019-ல் 'அசுரன்' திரைப்படமானது.